என் தம்பி முழு வேகத்தில் ஓடிய நாள்

கீஷான் என்ற பெயரை என் கடையில் யாரும் எடுக்கக் கூடாது. எங்கள் ஊர் ஓபலூசாஸில் முடி பின்னுகிற கடைகள் வேறு நிறைய இருக்கின்றன. அவன் புகழ் பாட ஆசைப்படுகிறவர்கள் அங்கே போய் உட்கார்ந்து பாடலாம். ஆனால் என் தம்பி ரோமலைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அந்தப் பெயரைத் தொடாமல் முடியாது. அதனால் இன்று ஒருநாள் என் சட்டத்தை நானே மீறுகிறேன்.

ரோமல் இப்போது நெடுஞ்சாலையோரத்து ஷோரூமில் பிக்அப் வண்டி விற்கிறான். வண்டி பார்க்க வருகிற பாதிப் பேர் முதலில் அவனைத்தான் பார்ப்பார்கள். "அந்த வீடியோவில ஓடினது நீதானே?" என்பார்கள். சிரித்துவிட்டு வண்டியின் கதவைத் திறந்துவிடுவான். அவன் சொல்லாததை நான் சொல்கிறேன்.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை. அதனால் அவனைப் பாதி வளர்த்தது நான்தான். எங்கள் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆனால் சொந்தபந்தம் எல்லாம் குதிரையில் ஏறி, முன்னால் ஒரு டிராக்டரில் பாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஊர்வலம் போவார்கள். ரோமலுக்குக் குதிரை கிடையாது. கூடவே ஓடுவான். குதிரை களைத்துப் போனது, அவன் களைக்கவில்லை என்று மாமாக்கள் இன்றும் அளப்பார்கள். சுத்தப் பொய். குதிரை களைக்கவில்லை. ஆனால் அவனும் களைக்கவில்லை என்பது உண்மை.

எங்கள் ஊரில் ஒரு பையன் வேகமாக ஓடினால் போதும், கையில் பந்தைத் திணித்துவிடுவார்கள். உதைக்கிற பந்து அல்ல. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆட்களை இடித்துத் தள்ளி ஓடுகிற எங்கள் ஃபுட்பால். அதில்தான் காசு, அதில்தான் மரியாதை. ஓட்டப்பந்தயம் என்பது ஃபுட்பால் இல்லாத மாதங்களில் கால் துருப்பிடிக்காமல் இருப்பதற்கு. இப்படித்தான் ஊர் நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன், ஒளிப்பானேன்.

கல்லூரியில் அவன் இரண்டிலும் இருந்தான். அவனோடு ஒரே அறையில் தங்கி, இரண்டிலும் இருந்த இன்னொருவன் கீஷான். ஃபுட்பால் கோஷ்டி இருவரையும் "டிராக் பசங்க" என்று கூப்பிடும். அது பாராட்டு அல்ல. ஓடத் தெரியும், பந்து பிடிக்கத் தெரியாது, இடித்தால் அழுவான் என்று அதற்குப் பொருள். ரோமல் ஒரு பந்தைத் தவறவிட்டால் "பலகைக்கையா, ஆணி அடிச்சுத் தரட்டா?" என்று கத்துவார்கள். கீஷான் அதற்கெல்லாம் மோதப் போவான். ரோமல் தோளைக் குலுக்கிவிட்டு நகர்ந்துவிடுவான். தடகள மைதானத்தில் மட்டும் அவன் ஆளே வேறு. அங்கே யாராவது அவன் ஓடுகிற தடத்தில் குறுக்கே நடந்தால்கூட முறைப்பான்.

கீஷான் எங்கள் வீட்டில் எத்தனை நாள் சாப்பிட்டிருப்பான்! என் கையால் வைத்த கம்போ குழம்பை மூன்று தட்டு வாங்கித் தின்றுவிட்டு "அக்கா, உங்களைக் கட்டிக்கப் போறவன் குண்டாயிடுவான்" என்று சொல்வான். அந்த வாய்க்கு நான் சோறு போட்டேன்.

கடைசி வருடம் சம்பளம் கொடுத்து ஆடவைக்கிற பெரிய ஃபுட்பால் கிளப்புகளிலிருந்து ஸ்கௌட்டுகள் வர ஆரம்பித்தார்கள். ஆள் தேடி வருகிறவர்கள். ஒரு பையனின் வேகத்தைக் கடிகாரத்தில் பார்த்துவிடலாம். உயரம், எடை, முழங்கால் எல்லாவற்றையும் அளந்துவிடலாம். டிராக் பையன் என்றால் அவர்களுக்கு ஒரே ஒரு பயம்தான்: இவனுக்கு ஃபுட்பால்மேல் ஆசை இருக்கிறதா, இல்லை பாதியில் விட்டுவிட்டு ஓட்டத்துக்கே போய்விடுவானா? அதை அளக்கக் கருவி கிடையாது. அதனால் கூடத் தங்கியிருப்பவனைக் கேட்பார்கள்.

ஏப்ரல் கடைசியில் டிராஃப்ட். மூன்று நாள் கிளப்புகள் முறை வைத்துப் பையன்களைப் பெயர் சொல்லி எடுப்பார்கள். எங்கள் வீட்டு முற்றத்தில் பெரிய அண்டாவில் கிராஃபிஷ் இறால் வேக, உறவுக்காரர்கள் எல்லாரும் டிவி முன்னால். ரோமலின் போன் மேசை நடுவில். மூன்று நாளும் அது அடிக்கவே இல்லை. மூன்றாம் நாள் கடைசிக்கு முந்தின சுற்றில் வடக்கே குளிர் ஊர்க் கிளப் ஒன்று கீஷானின் பெயரைச் சொன்னது. ரோமலை விட மெதுவானவன். ரோமலை விடக் குறைவாகப் பந்து பிடித்தவன். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். அம்மா அடுக்களைக்குள் போய் அழுதாள். ரோமல் மட்டும் உட்கார்ந்து மிச்சமிருந்த கிராஃபிஷை உரித்து உரித்துத் தின்றான். நெஞ்சுறுதி என்று நினைத்தேன்.

மறுநாளே கோச் லெமெல் வீட்டுக்கு வந்தார். தடகளத்துக்குக் கோச், தானே ஒரு காலத்தில் ஓடியவர். பேச்சு கம்மி, பார்வை அதிகம்.

"ஃப்ளோரிடாவுல ஒருத்தர் முழுநேர ஓட்டக்காரங்களை வெச்சுப் பயிற்சி குடுக்கறார். நம்ம மைதானத்துல நடக்கிற கான்ஃபரன்ஸ் மீட்டுக்கு உன்னைப் பார்க்க வர்றார். நூறு மீட்டர்ல நீ வழக்கமா ஓடறதை ஓடு, போதும். தங்க இடம், சாப்பாடு, ஷூ கம்பெனி ஒப்பந்தம் எல்லாம் அவர் பார்த்துப்பார்."

ரோமலின் முகம் டிராஃப்டின் மூன்று நாளும் அப்படி மலரவில்லை.

கல்லூரிகளுக்குள் நடக்கிற அந்த மீட்டில் கீஷானும் ஓடுவேன் என்று வந்து நின்றான். கிளப்பில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போடுவதற்குள் ஓடாதே, அடிபட்டால் போச்சு என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். கேட்கவில்லை. சொந்த ஊர், நிறைந்த மைதானம், கேமரா. ரிலேயில் கடைசி ஆளாக வந்து கோட்டைத் தொட வேண்டும், "இந்த வருஷ டிராஃப்டிலேயே வேகமானவன்" என்று பெயர் வாங்க வேண்டும். அந்த ஆசை.

ரிலேயில் மூன்றாவது ஆள் ரோமல், நான்காவது கீஷான். பேட்டன் கட்டையை வாங்குகிறவன் தனக்குப் பின்னால் தரையில் ஒரு டேப் துண்டை ஒட்டிவைப்பான். கொடுக்க வருகிறவன் அந்த டேப்பைத் தொட்டதும், இவன் திரும்பிப் பார்க்காமல் கிளம்பிவிட வேண்டும். சட்டென்று வேகமெடுக்கிறவனின் டேப் பக்கத்தில் இருக்கும். மந்தமாகக் கிளம்புகிறவனின் டேப் தூரத்தில் இருக்கும், இல்லாவிட்டால் பின்னால் வருகிறவன் வந்து மோதிவிடுவான். கீஷான் ஃபுட்பாலுக்காகத் தின்று உடம்பு ஏற்றியிருந்தான். கழுத்தும் தோளும் ஒன்றாகிவிட்டன. கோச் பார்த்த உடனே சொன்னார்.

"டேப்பைத் தள்ளி வை."

"வேணாம் கோச். எப்பவும் இருக்கிற இடத்துலயே இருக்கட்டும்."

"உன் உடம்பு எப்பவும் இருக்கிற மாதிரி இல்லையே."

"டேப் தள்ளிப் போனா, கீஷான் மந்தமாயிட்டான்னு பசங்க சிரிப்பாங்க கோச்."

ஓட்டக்காரனுக்கு மட்டுமே வருகிற வீம்பு இது. வேறு யாரும் தரையில் கிடக்கிற ஒரு டேப் துண்டுக்காக மானம் பார்க்க மாட்டார்கள். ஆனாலும் பயிற்சியில் பேட்டன் ஒவ்வொரு முறையும் சரியாகவே கை மாறியது. எனக்கே வியப்பாக இருந்தது. ரோமலைக் கேட்டேன்.

"கடைசியில கொஞ்சம் அடக்கி ஓடறேன்க்கா. அவனுக்குத் தெரியாது. விடு, பாவம், ஒரு பேருக்கு ஆசைப்படறான்."

பார்த்தீர்களா என் தம்பியை. தன்னை எடுக்காத கிளப் எடுத்துக்கொண்டு போனவனுக்காகத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டவன்.

மீட்டுக்கு முந்தின நாள் காலை கியாரா கடைக்கு வந்தாள். கீஷானுக்கு நிச்சயம் செய்த பெண். மறுநாள் கேமராவில் அழகாகத் தெரிய வேண்டுமாம். பாதித் தலை பின்னியிருப்பேன். அவளே ஆரம்பித்தாள்.

"கீஷானுக்கு ரொம்ப நல்ல மனசுக்கா. அந்தக் கிளப் ஸ்கௌட் ரோமலைப் பத்தியும் அவன்கிட்டதான் கேட்டாராம். 'அவனுக்கு டிராக்தான் உயிர் சார், ஃபுட்பால் சும்மா. ஒலிம்பிக்ஸ் வருஷம் வந்தா உங்களை விட்டுட்டுப் போயிடுவான்'னு உள்ளதைச் சொல்லிட்டானாம். பிடிக்காத இடத்துல ரோமல் போய் மாட்டிக்கக் கூடாதேன்னு."

என் கை நின்றது. பிறகு பின்னலை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"அக்கா, வலிக்குது."

"இன்னும் பாதித் தலை இருக்கு. பொறுத்துக்கோ."

அவள் நாலு நாள் தலை சாய்த்துத் தூங்கியிருக்க மாட்டாள். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஸ்கௌட்டுகள் கிளப் விட்டுக் கிளப் பேசிக்கொள்கிறவர்கள். ஒருவன் காதில் விழுந்தால் எல்லார் காதிலும் விழுந்த மாதிரி. என் தம்பியின் போன் ஏன் மூன்று நாள் செத்துக் கிடந்தது என்று அந்த நிமிடம் புரிந்தது.

கடையை மத்தியானமே மூடிவிட்டு மைதானத்துக்குப் போனேன். ரோமல் புல்தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவன் ரொம்ப நேரம் ஷூ கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினான்.

"நாளைக்கு அடக்கி ஓடாதே" என்றேன். "உன் வேகத்துல ஓடு. அவ்வளவுதான். அது ஒண்ணும் தப்பு இல்லையே?"

"மோதிடுவேன்க்கா."

"மோது. டேப்பைத் தள்ளி வைக்கச் சொன்னப்போ வெச்சிருக்கணும்."

"அவன் இன்னும் கையெழுத்துப் போடல. கால் போச்சுன்னா எல்லாமே போயிடும்."

"உனக்குப் போகலையா?"

நான் எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் முதல் போட்டியே ரிலே. நூறு மீட்டர் அதற்குப் பிறகு. ஃப்ளோரிடாக்காரர் முடிவுக் கோட்டுக்கு நேரே மேல்வரிசையில் வெள்ளைத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். நான் வேலி ஓரத்தில், நேர்ப்பாதை ஆரம்பிக்கிற இடத்தில் நின்றேன். பேட்டன் கடைசியாகக் கை மாறுகிற இடம் அதுதான். கீஷான் டேப்பை ஒட்டினான். பழைய இடத்திலேயே. ஒட்டிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துக் கை ஆட்டினான்.

துப்பாக்கி வெடித்தது. முதல் இரண்டு பேரும் குறை சொல்ல முடியாதபடி ஓடினார்கள். இரண்டாவது வளைவில் ரோமல் வந்தான். அவனை நான் குதிரைகளோடு ஓடிய காலத்திலிருந்து பார்த்திருக்கிறேன், அந்த வளைவில் வந்தது போல் ஒருநாளும் பார்த்ததில்லை. டேப்பை மிதித்தான். கீஷான் கிளம்பினான், அந்தப் புது உடம்போடு. மூன்று எட்டு வைப்பதற்குள் ரோமல் அவன் முதுகுக்குப் பின்னால்.

கீஷான் கையைப் பின்னால் நீட்டினான். மோதல் வரப்போகிறது என்று நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

மோதவில்லை. ரோமல் தடத்துக்குள்ளேயே ஓரமாக ஒதுங்கி, கீஷானின் தோளை உரசிக்கொண்டு, நீட்டிய கையைத் தாண்டிப் போய்விட்டான். பேட்டன் அவன் கையிலேயே இருந்தது. நிற்கவுமில்லை. நேர்ப்பாதையில் அப்படியே ஓடினான். பின்னால் கீஷான், நீட்டிய கையை மடக்கவும் தோன்றாமல், "டேய் குடுடா, குடுடா" என்று கத்திக்கொண்டு துரத்தினான். ஒருவன் ஏற்கெனவே நூறு மீட்டர் ஓடி முடித்தவன். மற்றவன் இந்த வருடத்து டிராஃப்டிலேயே வேகமானவன் என்று சொல்லிக்கொண்டவன், அப்போதுதான் கால் எடுத்தவன். முழு மைதானமும் பார்க்க, கேமரா பார்க்க, கோடு வரை துரத்தினான். பிடிக்க முடியவில்லை.

முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும். நான்? தொண்டை கட்டும் வரை சிரித்தேன். இன்றைக்கும் மனசு சரியில்லாத நாளில் அந்த வீடியோவை எடுத்துப் பார்ப்பேன்.

கீஷான் வந்து ரோமலின் பனியனைப் பிடித்தான். மூச்சு வாங்கியது, கண் நிறைந்திருந்தது.

"ஏன்டா? நான் உனக்கு என்னடா பண்ணினேன்?"

"ஸ்கௌட்கிட்ட என்ன சொன்ன?"

கீஷானின் பிடி தளர்ந்தது. "உண்மையைத்தானே சொன்னேன்? உனக்கு டிராக்தானே பிடிக்கும்? இல்லைன்னு சொல்லு பார்ப்போம்."

"அதை நான் சொல்லணும். நீ சொல்லக் கூடாது."

எங்கள் அணியின் ரிலே செல்லாது என்று அறிவித்தார்கள். அந்தப் புள்ளிகள் போனதில் கோப்பையும் போனது. முதல் இரண்டு பேரும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாதவர்கள். கோச் லெமெல் ரோமலிடம் வந்து கையை நீட்டினார். அவன் பேட்டனைக் கொடுத்தான்.

"இன்னிக்கு நீ நூறு ஓடல" என்றார். "போய் சட்டையைப் போட்டுக்கோ."

வெள்ளைத் தொப்பிக்காரர் நூறு மீட்டர் ஆரம்பிப்பதற்கு முன்பே எழுந்து போய்விட்டார். பேட்டனைக் கொடுக்காதவன் தனக்கு வேண்டாம் என்று கோச்சிடம் சொல்லிவிட்டுப் போனாராம்.

அந்த வாரம் கோச் மறுபடி வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"நீ பண்ணினதை நான் மன்னிக்கல. ஆனா நீ ஓடாம இருக்கிறதையும் என்னால பார்த்துட்டிருக்க முடியாது. ஒரு வருஷம் பொறு. எங்கிட்டயே பயிற்சி எடு. வேற ரெண்டு பேரைத் தெரியும், நானே கூட்டிட்டுப் போறேன்."

ரோமல் தலையாட்டினான். சரி என்றுதான் தலையாட்டினான், நான் பார்த்தேன்.

மறுநாள் போன் அடித்தது. அதே வடக்குக் கிளப், அதே ஸ்கௌட். வீடியோவை ஊரே பார்த்திருந்தது, அவர்களும் பார்த்திருந்தார்கள். சொன்னதைக் கேட்காமல் ஓடிப் பேரைக் கெடுத்த கீஷான்மேல் அவர்களுக்கு எரிச்சல். இன்னொரு பையனைப் பயிற்சி முகாமுக்கு அழைக்க இடம் இருந்தது. ரோமல் போனை ஸ்பீக்கரில் போட்டான்.

"தம்பி, உனக்கு டிராக்தான் உயிர்னு எங்ககிட்ட சொன்னாங்க. அதான் ஒரே யோசனை. நீயே சொல்லு. ஃபுட்பால் பிடிக்குமா?"

ரோமல் என்னைப் பார்த்தான். அவன் கண்ணில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. கீஷானின் இடத்துக்கே போய் அவனைத் தூக்கி எறியலாம் என்பது ஒன்றுதான் என் தலைக்குள் இருந்தது. "சொல்லு" என்று வாயசைத்தேன். "அவன் இடம்டா."

"உயிர் சார்" என்றான் ரோமல்.

முகாமில் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகிறவர்களை ஒரே அறையில் போடுவது அந்தக் கிளப்பின் வழக்கம். அதனால் மறுபடியும் ரோமலும் கீஷானும் ஒரே அறை. கோடை முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. ரோமல் அங்கே வேறு ஆளாக மாறினான். பலகைக்கை என்று சிரித்தவர்கள் வாயடைத்துப் போகும்படி பந்தைப் பிடித்தான். இடித்தவனைத் திருப்பி இடித்தான். கீஷான் எந்தப் பயிற்சிக்கு நின்றாலும் அடுத்த ஆளாகப் போய் நின்றான், அவன் செய்ததை அவன் முன்னாலேயே அவனைவிட நன்றாகச் செய்துகாட்ட. ஞாயிற்றுக்கிழமை என்னிடம் பேசும்போது அவன் கேட்டது ஒன்றே ஒன்று: கீஷானைப் பற்றி ஊரில் என்ன பேசுகிறார்கள்? நானும் ஒன்று விடாமல் சொல்வேன்.

ஆகஸ்ட் கடைசியில் ஆள் குறைக்கிற நாள். வேண்டாதவனை மைக்கில் கூப்பிட மாட்டார்கள். காலையில் கிளப்பின் ஆள் ஒருவர் அறைக்கதவைத் தட்டுவார். ஆட்டப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கோச்சைப் பார்க்க வா என்பார். அவ்வளவுதான், ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். இரண்டு பேரும் விடிவதற்கு முன்பே விழித்துக்கொண்டு, அவரவர் கட்டிலில் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார்களாம். கதவு தட்டியது. கீஷானின் பெயர்.

நான் அப்போதுதான் கடையைத் திறந்து முதல் ஆளை உட்காரவைத்திருந்தேன். போன் வந்தது.

"கூப்பிட்டுட்டாங்கக்கா. பெட்டி கட்டறான்."

"அழறானா?"

"இல்ல. என்கிட்டக் கை குடுத்தான்."

"குடுத்தியா?"

"குடுத்தேன்."

"எதுக்குடா குடுத்த? சரி விடு. என்ன சொன்னான்?"

"'நான் ஊருக்குப் போய் மறுபடி டிராக்ல ஓட ஆரம்பிக்கலாம்னு இருக்கேன், நீ என்னடா பண்ணுவ?'ன்னு கேட்டான்."

"பொறாமைல பேசறான். நீ ஜெயிச்சுட்டடா ரோமல். புரியுதா? ஜெயிச்சுட்ட."

"ஆமாக்கா" என்றான். "ஜெயிச்சுட்டேன். அதனால இனிமே நான் இங்கயேதான் இருந்தாகணும்."

நான் அதற்கு என்ன சொன்னேன் என்று நினைவில்லை. நாற்காலியில் இருந்தவளிடம் செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.